பைக்கற்றும் நாற்றும்: திறந்த மூல மென்பொருள் என்பது என்ன?

ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றின் வாசிகசாலையில் ஞாயிற்றுக்கிழமை தோறும் கணினி வகுப்பு எடுக்கிறேன். புதிதாகச் சேரும் மாணவர்களில் யாராவது ஒருவர் சில வாரங்களுக்குள் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்: "வட்ஸ்அப்புக்குக் காசு இல்லத்தானே சேர், அப்ப அதுவும் ஓப்பன் சோர்ஸா?" கேள்வி நியாயமானது. ‘ஓப்பன் சோர்ஸ்’ என்ற சொல் இன்று எங்கும் புழங்குகிறது. செயற்கை நுண்ணறிவைப் பற்றிய செய்திகளிலும், புதிய கைத்தொலைபேசிகளைப் பற்றிய பேச்சிலும், மென்பொருள் நிறுவனங்களுக்கிடையே நடக்கும் வழக்குச் சண்டைகளிலும் அது வருகிறது. ஆயினும் அதன் பொருளை யாரும் நின்று விளக்குவதில்லை. விளக்கப்படாத இடத்தைக் காசு பற்றிய ஊகம் நிரப்பிவிடுகிறது. அந்த ஊகத்தை அகற்றுவதே இக்கட்டுரையின் நோக்கம். இதை வாசிக்கக் கணினி பற்றிய முன்னறிவு தேவையில்லை. தேயிலைச் செடியைப் பற்றி மலையகத்தில் எல்லோரும் அறிந்திருப்பது போதும்.

மூன்றுக்கும் ஒரே பெயர்

நகரத்துக் கணினிக் கடையொன்றில் ‘ஃப்ரீ சொப்ட்வெயார்’ என்று கேட்டால், ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று பொருள்களில் ஏதோவொன்று கிடைக்கும். முதலாவது, நிறுவனமொன்று தானாகவே காசு வாங்காமல் கொடுக்கும் மென்பொருள். வட்ஸ்அப் இவ்வகையைச் சேர்ந்தது. அதைப் பாவிக்கப் பணம் செலுத்தவேண்டியதில்லை. ஆனால் அந்தச் செயலி உள்ளே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை நிறுவனம் காட்டுவதுமில்லை, அதை மாற்றியமைக்க எவரையும் அனுமதிப்பதுமில்லை. இரண்டாவது, விலைகொடுத்து வாங்கவேண்டிய மென்பொருளின் பூட்டை உடைத்துப் பென் டிரைவில் போட்டுத் தரப்படும் பிரதி. கடைகளில் இதனை ‘கிரேக்’ என்பார்கள். இது சட்டத்துக்குப் புறம்பானது என்பதோடு, பூட்டை உடைத்தவர் உள்ளே வேறு எதை வைத்துவிட்டுப் போனார் என்பதை அறிவதற்கும் வழியில்லை. மூன்றாவதுதான் திறந்த மூல மென்பொருள். அதை எழுதியவர்களே உட்புறத்தைக் காட்டி, ‘எடுத்துப் பாவியுங்கள், மாற்றுங்கள், பிறருக்கும் கொடுங்கள்’ என்று எழுத்தில் அனுமதி தந்திருப்பார்கள்.

இந்தக் குழப்பத்தில் ஆங்கிலத்துக்கும் பங்குண்டு. விலையில்லாதது, தளையில்லாதது ஆகிய இரண்டையும் அம்மொழி ஒரே சொல்லால் குறிக்கிறது. தமிழில் ‘இலவசம்’ என்றும் ‘கட்டற்றது’ என்றும் இரண்டு தனிச்சொற்கள் இருக்கின்றன. இருந்தும் நாம் ‘இலவச மென்பொருள்’ என்று சொல்லிப் பழகிவிட்டது எனக்கு வருத்தம் தருகிறது. திறந்த மூல மென்பொருளை விற்பதற்குத் தடையேதும் இல்லை. லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளத்தை (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளை) நிறுவனங்களுக்கு ஏற்பத் தொகுத்து, அதற்குரிய பராமரிப்புச் சேவையை விற்றே வளர்ந்தது ரெட் ஹட். அந்த நிறுவனத்தை 2019 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். ஏறத்தாழ 34 பில்லியன் டொலருக்கு வாங்கியது. ஆகவே விலையை வைத்து ஒரு மென்பொருள் திறந்ததா, மூடியதா என்று தீர்மானிக்க முடியாது.

தூளிலிருந்து செடி முளைக்காது

கடையில் வாங்கும் தேயிலைத்தூள் பைக்கற்றை எண்ணிப் பாருங்கள். கொழுந்தை வாட்டி, அரைத்து, புளிக்கவைத்து, காயவைத்து, சலித்து எடுத்த தூள் அது. அதில் தேநீர் போடலாம். நிறத்தையும் மணத்தையும் கொண்டு எந்த உயரத்துத் தேயிலை என்று தேர்ந்தவர்கள் சொல்லவும் கூடும். ஆனால் அந்தத் தூளை மண்ணில் தூவினால் செடி முளைக்காது. அதைக் கொண்டு இன்னொரு தோட்டத்தை உண்டாக்க எவராலும் முடியாது.

நாற்றின் இயல்பு வேறு. தாய்ச்செடியிலிருந்து ஓர் இலையும் கணுவும் இருக்குமாறு வெட்டிய சிறு தண்டை, மண் நிரப்பிய பொலித்தீன் பையில் ஊன்றி நிழலில் மாதக்கணக்கில் வளர்த்தால், தாய்ச்செடியின் குணம் மாறாத புதிய செடி கிடைக்கிறது. தோட்டங்களில் ‘வி.பி. தேயிலை’ என்று சொல்வது இவ்வாறு வளர்த்ததைத்தான். 1925 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டுத் தலவாக்கலையில் இயங்கிவரும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் டி.ஆர்.ஐ. 2025 என்ற இனம் மலைச்சரிவுகளில் பரவியதும் இப்படித் துண்டு துண்டாகத்தான். நாற்றைக் கையில் பெற்றவர் அதை நடலாம், கவ்வாத்து வெட்டலாம், நன்கு வளர்ந்தபின் அதிலிருந்து மேலும் துண்டுகளை எடுத்து அயலவருக்கும் கொடுக்கலாம்.

மென்பொருளுக்கும் இவ்விரண்டு வடிவங்கள் உண்டு. நிரலாளர் எழுதுவது மூலநிரல்: மனிதர்கள் வாசித்துப் புரிந்துகொள்ளக்கூடிய, வரிவரியாக அமைந்த கட்டளைத் தொகுதி. ‘கடவுச்சொல் மூன்று தடவை பிழைத்தால் ஐந்து நிமிடம் பூட்டு’ என்பது போன்ற எண்ணங்கள் அதில் நிரல்மொழியொன்றில் எழுதப்பட்டிருக்கும். கணினி அதை அப்படியே புரிந்துகொள்ளாது. அதற்கு எண்கள் வேண்டும். மூலநிரலை எண்களின் வரிசையாக மாற்றித் தரும் கருவியைத் தொகுப்பி என்பார்கள். மாற்றப்பட்டுக் கிடைப்பது இயங்குநிரல். தொகுப்பியைத் தேயிலைத் தொழிற்சாலையாகவும், இயங்குநிரலைத் தூளாகவும் கொள்ளலாம். நாம் தரவிறக்கி நிறுவும் செயலிகளில் மிகப் பெரும்பாலானவை இயங்குநிரல்களாகவே நம்மை வந்தடைகின்றன. இயங்குநிரலைப் பின்னோக்கிப் பிரித்து ஓரளவு ஊகிக்க நிபுணர்களால் முடியும். ஆயினும் எழுதியவர் இட்ட பெயர்களும், இது ஏன் இப்படி எழுதப்பட்டது என்ற குறிப்புகளும் அதில் எஞ்சியிருப்பதில்லை.

இதுவரை பார்த்ததன் சாரம்: மூடிய மென்பொருளில் நமக்குத் தூள் மட்டும் கிடைக்கிறது, திறந்த மூல மென்பொருளில் நாற்றும் கிடைக்கிறது. ஆனால் நாற்று கைக்கு எட்டுவது மட்டும் போதுமானதா என்பது அடுத்த கேள்வி.

உரிமம் என்ற கடிதம்

போதாது. வேலியோரத்தில் நாற்று தெரிகிறது என்பதற்காக அதைப் பிடுங்கிக்கொண்டு போக எவருக்கும் உரிமையில்லை. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினிச் செய்நிரல்களையும் பதிப்புரிமையால் பாதுகாக்கிறது. பதிவு செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. எழுதிய கணத்திலேயே அது எழுதியவருக்குச் சொந்தமாகிவிடுகிறது. எனவே இணையத்தில் ஒருவர் தம் மூலநிரலை எல்லோரும் பார்க்கும்படி வைத்திருந்தாலும், பாவிக்கலாம் என்று அவர் எழுதித் தராதவரை அது வெறும் காட்சிப் பொருளே. அவ்வாறு எழுதித் தரும் கடிதத்துக்கு உரிமம் என்று பெயர். திறந்த மூலம் பற்றிய பேச்சின் மையம் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. மூலநிரலைப் புரிந்துகொள்ளாதவர்கூட இந்தக் கடிதத்தைப் புரிந்துகொள்ள முடியும் என்பதால், என் மாணவர்களுக்கு இதை முதலில் கற்பிக்கிறேன்.

இதன் வரலாறு ஓர் அச்சுப்பொறியோடு தொடர்புடையது. 1980 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வுகூடமொன்றில் பணிபுரிந்த ரிச்சர்ட் ஸ்டோல்மன், அங்கிருந்த பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கினால் காத்திருப்போரின் திரையில் செய்தி வரும்படி அதன் நிரலை மாற்றியிருந்தார். புதிதாக வந்த அச்சுப்பொறியின் மூலநிரல் கொடுக்கப்படவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தவரும், இரகசியம் காப்பதாக ஒப்பந்தம் செய்திருந்தமையால் தர மறுத்துவிட்டார். கண்முன் நிற்கும் பொறியைத் திருத்தத் தெரிந்தும் திருத்த முடியாத நிலை அது. 1983 இல் ஸ்டோல்மன் கட்டற்ற இயங்குதளமொன்றை உருவாக்கும் க்னூ திட்டத்தை அறிவித்தார். 1989 இல் ஜி.பி.எல். என்ற உரிமம் வெளிவந்தது. பாவனையாளருக்கு நான்கு அனுமதிகள் வேண்டும் என்பது அவருடைய வரையறை: எந்தத் தேவைக்கும் இயக்குவதற்கு, உள்ளே பார்த்துத் தேவைக்கேற்ப மாற்றுவதற்கு, பிரதியைப் பிறருக்குக் கொடுப்பதற்கு, தாம் மாற்றிய வடிவத்தையும் பிறருக்குக் கொடுப்பதற்கு. ‘திறந்த மூலம்’ என்ற பெயர் பின்னர், 1998 ஆம் ஆண்டில் கிறிஸ்டின் பீற்றர்சன் என்பவரால் முன்மொழியப்பட்டது. இரு பெயர்களுக்குப் பின்னாலும் இருக்கும் தத்துவங்கள் சற்று வேறுபடுகின்றன. தொடக்க நிலை வாசகருக்கு அந்த வேறுபாடு இப்போதைக்குத் தேவையில்லை.

உரிமங்கள் பல இருந்தாலும் அவற்றை இரண்டு குடும்பங்களாகப் பிரிக்கலாம். ஒருவர் நாற்றைக் கொடுக்கும்போது, ‘எடுத்துப் போய் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், தூளாக்கிப் பைக்கற்றில் அடைத்து விற்றாலும் சரி, தாய்ச்செடி என்னுடையது என்பதை மட்டும் குறிப்பிடுங்கள்’ என்று சொன்னால், அது தாராள உரிமம். எம்.ஐ.டி., பி.எஸ்.டி., அப்பாச்சி என்ற பெயர்களைக் கொண்ட உரிமங்கள் இவ்வகையின. இன்னொருவர், ‘எடுத்துக்கொள்ளுங்கள், மேம்படுத்துங்கள், விற்கவும் செய்யுங்கள், ஆனால் இதிலிருந்து வளர்த்த செடியின் விளைச்சலை யாருக்குக் கொடுத்தாலும், அவர் கேட்டால் நாற்றையும் இதே நிபந்தனையோடு கொடுக்க வேண்டும்’ என்று சொன்னால், அது கொப்பிலெஃப்ட் உரிமம். தனக்குக் கிடைத்த உரிமையை அடுத்தவருக்கும் கடத்தவேண்டிய கடமை என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். ஜி.பி.எல். இவ்வகையைச் சேர்ந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ் 1992 முதல் இந்த உரிமத்தின் கீழ் இருப்பதால், உலகின் எந்தப் பெருநிறுவனமும் அதை எடுத்து மூடிய மென்பொருளாக்கி விநியோகிக்க முடியாது.

ஆகவே ஒரு மென்பொருளைத் திறந்த மூலம் என்று சொல்வதற்கு இரண்டும் வேண்டும்: மூலநிரல் கிடைக்க வேண்டும், அதை இயக்கவும், மாற்றவும், பகிரவும் உரிமம் அனுமதிக்க வேண்டும். இனி வரும் விவாதங்கள் அனைத்தையும் இவ்விரண்டையும் கொண்டே அளக்கலாம்.

நிரல் திறந்திருக்க, பெட்டி பூட்டியிருக்கலாம்

‘அன்ட்ரொய்ட் திறந்த மூலம்தானே’ என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. பாதி உண்மை. அன்ட்ரொய்டின் அடித்தளத்தில் ஜி.பி.எல். உரிமமுள்ள லினக்ஸ் இருக்கிறது. அதன் மேலுள்ள பெரும்பகுதியைக் கூகுள் அப்பாச்சி உரிமத்தில் வெளியிடுகிறது. ஆனால் நாம் அன்றாடம் தொடும் பிளே ஸ்டோர், வரைபடம், அவற்றைத் தாங்கும் கூகுள் சேவைகள் ஆகியவை மூடிய மென்பொருள்கள்; அவற்றைக் கைத்தொலைபேசியில் சேர்க்க உற்பத்தியாளர் கூகுளோடு தனியாக உடன்பட வேண்டும். 2019 இல் அமெரிக்க அரசாங்கம் ஹுவாவி மீது வர்த்தகக் கட்டுப்பாடு விதித்தபோது இந்த எல்லைக்கோடு உலகத்துக்கே தெரிந்தது. திறந்த பகுதியைத் தொடர்ந்து பாவிக்க ஹுவாவியால் முடிந்தது. அதன் புதிய கைத்தொலைபேசிகளில் கூகுள் சேவைகள் மட்டும் இல்லாமற் போயின.

இன்னொரு வகைப் பூட்டும் உண்டு. லயத்துக் கூரைகளில் டிஷ் அன்டனா இல்லாத வரிசையை இன்று காண்பது அரிது. அந்த டிஷ்ஷின் கீழ் வீட்டுக்குள் இருக்கும் பெட்டிகளில் பலவற்றை இயக்குவது லினக்ஸ். இத்தகைய பெட்டியொன்றை வைத்துத்தான் மென்பொருள் உலகில் நெடிய வாதமொன்று நடந்தது. அமெரிக்காவில் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்யும் டிவோ என்ற பெட்டி லினக்ஸைக் கொண்டு இயங்கியது. அதன் நிறுவனம் ஜி.பி.எல். கேட்டபடியே தான் மாற்றிய மூலநிரலை வெளியிட்டது. ஆனால் பாவனையாளர் அதை மாற்றித் திரும்பப் பெட்டியில் ஏற்றினால், தன் கையொப்பமிட்ட நிரல் அல்லவென்று பெட்டி அதனை இயக்க மறுத்தது. நாற்றைக் கொடுத்துவிட்டு நடுவதற்கு நிலமில்லை என்று சொல்வதற்கு இது ஒப்பாகும். இதைத் தடுக்கும் வாசகங்களோடு ஜி.பி.எல்.லின் மூன்றாம் பதிப்பு 2007 இல் வெளிவந்தது. சாதனத்தை எப்படி வடிவமைக்க வேண்டும் என்று மென்பொருள் உரிமம் கட்டளையிடக்கூடாது என்று கருதிய டோர்வால்ட்ஸ் லினக்ஸை இரண்டாம் பதிப்பிலேயே வைத்துக்கொண்டார். என் பார்வையில் பொருளை விலைகொடுத்து வாங்கியவர் பக்கமே நியாயம் கூடுதலாக இருக்கிறது. பழைய கைத்தொலைபேசிக்கு உற்பத்தியாளர் புதுப்பிப்புகளை நிறுத்திய பின், அதைத் திருத்தத் தெரிந்த பிள்ளைகள் ஊரிலேயே இருந்தும் பூட்டு அவர்களைத் தடுப்பதை அடிக்கடி காண்கிறேன்.

கொடுத்ததைத் திரும்பப் பெற முடியுமா?

கடந்த சில ஆண்டுகளாக மிகுந்த சர்ச்சைக்குள்ளாகியிருப்பது இதுவே. மொங்கோடிபி 2018 இலும், எலாஸ்டிக்சேர்ச் 2021 இலும், டெராஃபோர்ம் 2023 இலும், ரெடிஸ் 2024 இலும் தம் உரிமங்களை இறுக்கின. இவை பெரிய இணையச் சேவைகளின் பின்னணியில் தரவுகளைச் சேமிக்கவும் தேடவும் கணினிகளை ஒழுங்கமைக்கவும் பயன்படும் மென்பொருள்கள். அவற்றின் பெயர்களை நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. காரணத்தை மட்டும் விளங்கிக்கொண்டால் போதும்.

காரணம் முகில் கணினிச் சேவை. அமேசன் போன்ற நிறுவனங்கள் தம் பெருங்கணினிகளில் மென்பொருளை இயக்கி, அதைப் பாவிக்கும் வசதியை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகின்றன. உதாரணத்தைத் தொடர்ந்தால், தேநீர்க்கடைக்காரர் ஒருவர் நாற்றைப் பெற்று, தாமே வளர்த்து, தூளாக்கி, தேநீராக மட்டும் விற்கிறார். அவர் தூளையும் கொடுக்கவில்லை, நாற்றையும் கொடுக்கவில்லை, கோப்பையைத்தான் கொடுக்கிறார். ‘விளைச்சலைக் கொடுத்தால் நாற்றையும் கொடு’ என்ற நிபந்தனை அவரைத் தொடுவதே இல்லை. தாராள உரிமம் என்றால் அந்த நிபந்தனையும் கிடையாது. மென்பொருளை உருவாக்கிய நிறுவனங்கள், உழைப்பு எங்களுடையது, வருமானம் கடைக்காரருடையதா என்று கேட்டன. போட்டிச் சேவை நடத்துவதைக் கட்டுப்படுத்தும் புதிய உரிமங்களை எழுதிக்கொண்டன. எவரும் எந்தத் தேவைக்கும் இயக்கலாம் என்ற முதல் அனுமதியை அவ்வாறு வெட்டிய உரிமம், மூலநிரலைக் காட்டினாலும், திறந்த மூலம் ஆகாது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். உரிமம் மாறினால் ஏற்கெனவே கொடுத்தது பறிபோய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய உரிமத்தில் வெளியான பதிப்பு என்றும் அந்த உரிமத்திலேயே இருக்கும். புதிய நிபந்தனை அடுத்த பதிப்பிலிருந்தே தொடங்கும். எனவே பழைய நாற்றை வைத்திருப்பவர்கள் தனித் தோட்டம் போடலாம். இதற்குக் கிளைபிரித்தல் என்று பெயர். எலாஸ்டிக்சேர்ச்சின் பழைய பதிப்பிலிருந்து அமேசன் ஓப்பன்சேர்ச்சைக் கிளைபிரித்தது. டெராஃபோர்மிலிருந்து ஓப்பன்டோஃபு பிரிந்தது. ரெடிஸிலிருந்து வல்கீ பிரிந்தது. இதன்பின் எலாஸ்டிக் 2024 இலும் ரெடிஸ் 2025 இலும் திறந்த மூல உரிமமொன்றை மீண்டும் சேர்த்துக்கொண்டன.

ஒரு நிறுவனம் எப்படித் தனியாக உரிமத்தை மாற்றுகிறது? வெளியார் எழுதிச் சேர்க்கும் ஒவ்வொரு வரிக்கும் பதிப்புரிமை எழுதியவருடையது. ஆனால் பல நிறுவனங்கள், பங்களிப்பதற்கு முன்பே, அந்த வரிகளை வேறு உரிமத்திலும் வெளியிடலாம் என்ற உடன்படிக்கையில் கையொப்பம் வாங்கிவிடுகின்றன. அத்தகைய உடன்படிக்கை இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை, படம் பார்க்க நம் எல்லோரது கணினியிலும் இருக்கும் வி.எல்.சி. காட்டுகிறது. பாரிஸ் நகருக்கு அருகிலுள்ள கல்லூரியொன்றில் மாணவர் முயற்சியாக 1996 இல் தொடங்கி, 2001 முதல் ஜி.பி.எல். உரிமத்தில் வெளிவரும் மென்பொருள் அது. அப்பிள் செயலிக் கடையின் விதிகள் ஜி.பி.எல்.லோடு முரண்படுகின்றன என்று அதை எழுதியவர்களில் ஒருவரே முறையிட, 2011 இல் வி.எல்.சி. அங்கிருந்து அகற்றப்பட்டது. மீண்டும் அதில் சேர்ப்பதற்கு உரிமத்தை மாற்ற விரும்பிய குழுவினர், பல ஆண்டுகளில் பங்களித்த நூற்றுக்கணக்கானோரைத் தேடிப் பிடித்து ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்க வேண்டியிருந்தது. 2013 இல்தான் அது திரும்ப வந்தது. இந்தத் தாமதத்தைக் குறையாகக் கருத எனக்கு மனம் வரவில்லை. எல்லோரையும் கேட்டாக வேண்டும் என்ற நிலை இருக்கும் வரை, எந்தத் தனி நிறுவனமும் அதை விழுங்கிவிட முடியாது.

நாற்றுமேடையைப் பார்ப்பவர் யார்?

திறந்த நிரலை ஆயிரம் பேர் பார்ப்பதால் அதில் குற்றம் ஒளிந்திருக்க முடியாது என்ற நம்பிக்கையும் பரவலானது. பார்க்க முடியும் என்பதும் பார்க்கிறார்கள் என்பதும் ஒன்றல்ல. 2024 மார்ச் 29 ஆம் திகதி வெளியான செய்தி இதை உணர்த்தியது. எக்ஸ்.இசட். என்பது கோப்புகளைச் சுருக்கும் சிறிய கருவி. லினக்ஸ் கணினிகள் அனைத்திலும் ஏறத்தாழ இருக்கும். அதைப் பல ஆண்டுகளாக ஒரே ஒருவர், ஊதியமில்லாமல், ஓய்வு நேரத்தில் பராமரித்துவந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகப் பொறுமையாக உதவி செய்து அவருடைய நம்பிக்கையைப் பெற்ற ஒரு பெயர் தெரியாத நபர், பொறுப்பில் பங்கும் பெற்று, வெளியார் கணினிக்குள் நுழையக்கூடிய இரகசிய வாசலொன்றை அதில் வைத்தார். இந்த வாசலைத் திறக்கும் இறுதித் துண்டு எல்லோரும் பார்க்கும் மூலநிரல் களஞ்சியத்தில் இருக்கவில்லை. வெளியீட்டுப் பொதியில் மட்டும் சேர்க்கப்பட்டிருந்தது. நாற்றுமேடையில் இல்லாத ஒன்று பைக்கற்றில் இருந்தது.

அதைக் கண்டுபிடித்தவர் மைக்ரோசொப்டில் பணிபுரியும் அன்ட்ரெஸ் ஃப்ரொயின்ட். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய வழமையைவிட அரை விநாடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்து, காரணத்தைத் தேடிப் போனார். பெரும்பாலான கணினிகளை அடையுமுன் அது தடுக்கப்பட்டது. இதிலிருந்து திறந்த மூலத்தை ஐயுறுபவர்களும் ஆதரிப்பவர்களும் தமக்கு வேண்டிய பாடத்தை எடுத்துக்கொள்கிறார்கள்: திறந்திருந்ததால்தான் உள்ளே நுழைந்தார் என்பது ஒன்று, திறந்திருந்ததால்தான் தடம்பிடிக்க முடிந்தது என்பது மற்றொன்று. இரண்டும் உண்மை. ஆனால் இவ்விரண்டையும்விட, உலகம் முழுவதும் சாய்ந்து நிற்கும் ஒரு தூணைத் தனி மனிதர் ஒருவர் சம்பளமின்றித் தாங்கிக்கொண்டிருந்தார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. திறந்த மூலம் மூலநிரலுக்கு உத்தரவாதம் தருகிறது. அதைப் பராமரிப்பவரின் வாழ்வாதாரத்துக்கு அது எந்த ஏற்பாட்டையும் செய்வதில்லை.

செயற்கை நுண்ணறிவும் ‘திறந்த’ என்ற அடைமொழியும்

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். உரையாடும் செயற்கை நுண்ணறிவு என்பது பெருந்தொகையான எழுத்துகளைக் கொண்டு பயிற்றப்பட்ட எண்களின் தொகுதி. மெட்டா நிறுவனம் தன் லாமாவைத் திறந்த மூலம் என்று அழைக்கிறது. எண்கள் கிடைக்கின்றன, ஆனால் அவற்றைப் பயிற்றிய எழுத்துகள் கிடைப்பதில்லை. மாதம் 700 மில்லியனுக்கு மேற்பட்ட பாவனையாளர்களைக் கொண்ட நிறுவனங்கள் தனி அனுமதி பெற வேண்டும் என்றும் அதன் உரிமம் கூறுகிறது. இரண்டு அளவுகோல்களையும் வைத்துப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். திறந்த மூல முன்னெடுப்பு என்ற அமைப்பு 2024 ஒக்டோபரில் வெளியிட்ட வரையறையும், பயிற்சித் தரவு பற்றிய போதிய விவரம் இருக்க வேண்டும் என்று கேட்கிறது.

மலையகத்தில் இதற்கு என்ன வேலை?

மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவை முடித்துக்கொண்டது. அதற்கு அடுத்த பதிப்புக்குக் குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறைப் புரொசசரும் வேண்டும். எங்கள் வகுப்பிலுள்ள கணினிகள் அலுவலகமொன்றில் கழித்துக் கொடுத்தவை. அந்தத் தகுதி அவற்றுக்கு இல்லை. அவற்றில் லினக்ஸையும், லிப்ரேஒஃபிஸ் என்ற திறந்த மூல அலுவலக மென்பொருளையும் நிறுவியிருக்கிறோம். கடிதம் எழுதவும், கணக்குப் பார்க்கவும், நிரலாக்கம் பழகவும் குறையில்லை. ஆனால் அச்சகங்களில் பாவிக்கும் ஃபோட்டோஷொப் போன்றவை லினக்ஸில் நேரடியாக இயங்குவதில்லை என்பதை மாணவர்களிடம் மறைப்பதில்லை. அத்தொழிலுக்குப் போகிறவர் விண்டோஸையும் பழகத்தான் வேண்டும்.

மொழி விடயத்தில் பயன் இன்னும் தெளிவானது. மூடிய மென்பொருள் தமிழில் வருவதா, எத்தகைய தமிழில் வருவது என்பதை அதன் உரிமையாளர் தீர்மானிக்கிறார். லிப்ரேஒஃபிஸின் தமிழ் முகப்பைத் தன்னார்வலர்கள் மொழிபெயர்த்தார்கள். இந்தியத் தமிழில் ‘பதிவிறக்கம்’ என்றிருப்பதை நாம் ‘தரவிறக்கம்’ என்று வைத்துக்கொள்ள விரும்பினால், அதற்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கோப்பைத் திறந்து மாற்றினால் போதும்.

இலங்கையர் இதில் பெறுபவர்களாக மட்டும் இருக்கவில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதிய ஆழிப்பேரலையின் பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவுசெய்ய இந்நாட்டுத் தன்னார்வ நிரலாளர்கள் ‘சஹன’ என்ற மென்பொருளை எழுதித் திறந்த மூலமாக வெளியிட்டார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்பது அதன் பொருள். 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2010 இல் ஹெய்ட்டியிலும் அது பயன்பட்டது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை மறக்காத மலையகத்தவருக்கு, பெயர்கள் விடுபடாத ஒரு பட்டியலின் பெறுமதியைச் சொல்லிக் காட்டத் தேவையில்லை. எழுதியவர்களின் அனுமதிக்காகக் காத்திராமல் வேறொரு நாடு அதை எடுத்துத் தன் மொழிக்கு மாற்றிக்கொள்ள முடிந்தமைக்குக் காரணம், அதனோடு இருந்த உரிமம்.

உங்கள் கையிலேயே பார்க்கலாம்

அந்தக் கடிதத்தை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் தம் அன்ட்ரொய்ட் கைத்தொலைபேசியின் அமைப்புகளுக்குள் சென்று, தொலைபேசி பற்றிய பகுதியில் சட்டத் தகவல் என்ற தலைப்பைத் திறக்கலாம். திறந்த மூல உரிமங்கள் என்ற நீண்ட பட்டியல் அங்கே இருக்கும். முழுவதும் ஆங்கிலமாக இருந்தாலும், எம்.ஐ.டி., அப்பாச்சி, ஜி.பி.எல். என்ற பெயர்களை இப்போது அடையாளம் காண முடியும். ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பின் மூன்றாவது பிரிவைத் தேடிப் பாருங்கள். மூலநிரலைக் கூடவே கொடுக்காத உற்பத்தியாளர், கேட்கும் எவருக்கும் அதைக் கொடுப்பதாக, குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும் எழுத்துமூல வாக்குறுதியைத் தரலாம் என்று அங்கே எழுதியிருக்கிறது. அத்தகைய வாக்குறுதியும், எழுத வேண்டிய முகவரியும் சில கைத்தொலைபேசிகளில் அதே பக்கத்தில் இருக்கும். வட்ஸ்அப் பற்றிக் கேட்ட மாணவர்கள் இந்தத் தவணையில் அப்படியொரு கடிதத்தை எழுதி அனுப்பப் போகிறார்கள்.